முற்றுப்பெறாத பதிவுகளின் ஈர்ப்பு: விண்வெளி ராக் இசையும் டெமோக்களும்

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ‘எக்கோஸ்’ ஒரே ஒரு சுரத்தோடு தொடங்குகிறது. 1971 ஜனவரியில் லண்டன் அபே ரோட் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது அந்தக் குழுவிடம் பாட்டு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. தோன்றியதை வாசித்துப் பதிந்து வைத்தார்கள். அந்தத் துண்டுகளுக்கு ‘நத்திங்’ என்று பெயரிட்டு எண் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றில், ரிச்சர்ட் ரைட் பியானோவின் மேல்ஸ்தாயிச் சுரம் ஒன்றை லெஸ்லி எனப்படும் சுழலும் ஒலிபெருக்கியின் வழியே செலுத்தி வாசித்தார். நீரடியிலிருந்து எழுவது போன்ற அந்தச் சுரத்தைச் சுற்றித்தான் ஏறக்குறைய 23 நிமிடப் படைப்பு வளர்ந்தது. முறையான பதிவின்போது அதையே மறுபடி வாசித்துப் பார்த்தார்கள். பியானோவுக்கும் லெஸ்லிக்கும் இடையே முதலில் எழுந்த அதிர்வு திரும்பக் கிடைக்கவில்லை. கடைசியில் டெமோவில் இருந்த சுரத்தையே எடுத்து, புதிய பதிவோடு கரைந்து கலக்கும்படி இணைத்தார்கள் என்று டிரம்மர் நிக் மேசன் தம் நினைவு நூலான ‘இன்சைட் அவுட்’டில் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு வெளியான ‘மெடில்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைக்கும் அந்தப் படைப்பின் வாசல், ஒரு டெமோ.

ரசிகர்கள் சொல்லி மகிழும் துணுக்குச் செய்தியாக இதை ஒதுக்கிவிடலாகாது. புரோகிரசிவ் ராக், அதிலும் விண்வெளியைப் பொருளாகவும் மனநிலையாகவும் எடுத்துக்கொண்ட அதன் கிளை, ஸ்டுடியோ நேர்த்திக்குப் பேர்போனது. மாதக்கணக்கில் உழைத்து, ஒலிமேல் ஒலியாக அடுக்கி உருவாக்கிய ஆல்பங்களே அதன் பெருமை. அத்தகைய இசைக்குப் பழகிய காதுகள், டேப் இரைச்சலும் தடுமாற்றமும் நிறைந்த டெமோக்களைத் தேடிப்போவது முரணாகத் தெரிகிறது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், டெமோவில் கலைஞரின் ஒளிவுமறைவற்ற உள்ளம் கேட்கிறது என்பது. நாட்டுப்புறப் பாடகருக்கும் பங்க் குழுவுக்கும் இது பொருந்தலாம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சி வீட்டில் நான்கு டிராக் கேசட் கருவியில் பதிந்த டெமோக்கள், குழுவோடு மறுபடி பதிந்தபோது உயிரிழந்தன. அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தது. அங்கே ஒரு மனிதர் நம்மிடம் நேருக்கு நேர் கதை சொல்கிறார். நெருக்கம்தான் அதன் வலிமை. விண்வெளி ராக்கில் கதைசொல்லி பின்னுக்குப் போய்விடுகிறார். பல படைப்புகளில் குரலே கிடையாது. குரல் இருக்கும் இடங்களிலும் அது தொலைவில் மிதக்கும் இன்னொரு கருவிபோல் வந்துபோகும். நெருக்கத்தைத் தவிர்த்துத் தொலைவை நாடும் இசையின் டெமோவை நெருக்கத்துக்காகப் போற்றுகிறோம் என்பது சரியான விளக்கமாகாது.

இந்தக் கட்டுரை முன்வைக்கும் விளக்கம் வேறு. பெரும்பாலான பாட்டுகளில் மெட்டு, சொல், தாளம், கார்டு வரிசை ஆகியவையே படைப்பு. ஒலியின் தன்மை பின்னால் போர்த்தும் ஆடை. சூழ்நிலையை எழுப்பும் இசையில் ஒலியின் தன்மையே படைப்பு. ஆகவே ஓர் ஒலி முதன்முதலாகப் பிறந்த தருணத்தைப் பிடித்த டேப், பின்னால் வரப்போகும் படைப்புக்கு வெறும் முன்வரைவாக நின்றுவிடுவதில்லை. படைப்பில் ஒரு பங்கு அதற்குள்ளேயே இருக்கிறது. பிங்க் ஃப்ளாய்டின் இரண்டு டெமோக்களை அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும். ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் ‘மணி’ பாட்டுக்காக ரோஜர் வாட்டர்ஸ் தனியாக கிடாருடன் பாடிப் பதிந்த டெமோ 2011-இல் வந்த பெரிய பெட்டித் தொகுப்பில் இருக்கிறது. அது கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப் போன்றது: எங்கே வளைய வேண்டும் என்று காட்டும், கோலமாகாது. ‘நத்திங்’ துண்டுகளில் பதினான்காவது, 2016-இல் வெளியான ‘தி எர்லி இயர்ஸ்’ தொகுப்பில் கிடைக்கிறது. அதற்கு இன்னும் வடிவம் கூடவில்லை. இருந்தும் ‘எக்கோஸ்’ நம்மைக் கொண்டுபோய் விடும் இடத்துக்கு அதுவும் கொண்டுபோகிறது. முதலாவது டெமோவில் நமக்குக் கிடைப்பது தகவல். இரண்டாவதில் கிடைப்பது அனுபவம்.

அந்த அனுபவம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒலியியல் சார்ந்த காரணங்கள் உண்டு. ஓர் இடம் எவ்வளவு பெரியது என்பதை நம் காது, ஒலி எழுந்த பின் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் அது தேய்ந்து மறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கொண்டே மதிப்பிடுகிறது. எதிரொலியின் வால் முழுதாகக் கேட்டால்தான் வெளி விரிந்ததாகத் தோன்றும். அந்த வாலின் மேல் வேறு ஒலி வந்து விழுந்தால் வெளி சுருங்கிவிடும். பிங்க் ஃப்ளாய்ட் பயன்படுத்திய இத்தாலிய பின்சன் எக்கோரெக் கருவியில், சுழலும் காந்த உருளை ஒன்று ஒலியைப் பதிந்து திருப்பித் தரும். ஒவ்வொரு சுற்றிலும் கூர்மை சற்றே மங்கி, ஒலி மேலும் மேலும் விலகிப் போவதுபோல் கேட்கும். டெமோவில் டிராக்குகள் குறைவு, வாசிப்பவர்களும் குறைவு. எனவே அந்த விலகலைக் கடைசிவரை கேட்க முடிகிறது. பதினாறு டிராக்குகளையும் நிரப்பிய இறுதிப் பதிவில், ஒவ்வொரு வாலும் இன்னொரு ஒலியின் தலையில் போய் முட்டும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறு கருவிகளில் டிராக்குகளை ஒன்றாக்கி, காலியான இடத்தில் புதிதாகப் பதியும்போது, ஒவ்வொரு நகலிலும் டேப்பின் இரைச்சல் ஏறும். அந்த மெல்லிய ‘ஸ்’ ஒலி இசைக்கு அடியில் விடாமல் ஓடி, இடைவெளிகளை வெறுமையாக விடாமல் ஆழமுள்ளவையாகக் காட்டுகிறது.

இரைச்சல் ஏன் குறையாகப் படாமல் விண்வெளியாகப் படுகிறது என்பதற்கு வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது. விண்வெளியில் ஒலி இல்லை. மனிதர்கள் விண்வெளியின் ஒலி என்று அறிந்ததெல்லாம் வானொலி வழியே வந்ததுதான். 1957-இல் ஸ்புட்னிக் அனுப்பிய ‘பீப்’ ஒலியை உலகெங்கும் கேட்டார்கள். அப்பல்லோ பயணங்களில் தரைக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் விண்கலத்துக்கும் இடையே நடந்த பேச்சு, மெலிந்து, நசுங்கி, இரைச்சலுக்குள் அமிழ்ந்து வந்தது. பேச்சின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்த 2,525, 2,475 ஹெர்ட்ஸ் சுரங்கள் இன்றும் விண்வெளிப் படங்களின் ஒலியடையாளமாக இருக்கின்றன. 1969 ஜூலையில் மனிதர் நிலவில் இறங்கிய நேரத்தில் பிபிசி தொலைக்காட்சியின் சிறப்பு நிகழ்ச்சிக்காகப் பிங்க் ஃப்ளாய்ட் நேரலையில் வாசித்த தன்னிச்சையான இசை, ‘மூன்ஹெட்’ என்ற பெயரில் பின்னாளில் அதே 2016 தொகுப்பில் சேர்ந்தது. அந்தத் தலைமுறையின் காதில் விண்வெளி என்பது தெளிவற்ற அலைவரிசை. ஆகவே உயர் அதிர்வெண்கள் வெட்டுண்டு, இரைச்சல் படிந்து, எங்கிருந்தோ வருவதுபோல் கேட்கும் டெமோ, கருப்பொருளோடு தானாகவே பொருந்திவிடுகிறது. காதல் பாட்டின் டெமோவில் உறுத்தும் அதே குறை, இங்கே காட்சிப்புலமாக மாறுகிறது.

ஜெர்மனியில் டெமோவுக்கும் ஆல்பத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு தொடக்கத்திலேயே அழிந்துவிட்டது. டேஞ்சரின் ட்ரீம் குழுவின் முதல் ஆல்பமான ‘எலெக்ட்ரானிக் மெடிடேஷன்’ (1970), எட்கர் ஃப்ரோஸ, கிளவுஸ் ஷூல்ட்ஸ, கான்ராட் ஷ்னிட்ஸ்லர் மூவரும் 1969 அக்டோபரில் பெர்லினில் வாடகைக்கு எடுத்த தொழிற்கூடம் ஒன்றில் இரண்டே டிராக் கொண்ட ரெவாக்ஸ் டேப் கருவியில் பதிந்தது. இன்று எந்தக் குழுவும் அதை டெமோ என்றுதான் சொல்லும். ஷூல்ட்ஸ 1972-இல் தனியாக வெளியிட்ட ‘இர்லிக்ட்’ இன்னொரு படி மேலே போகிறது. அதில் சின்தசைசரே இல்லை. பழுதடைந்த, மாற்றியமைத்த எலெக்ட்ரிக் ஆர்கனையும், ஓர் இசைக்குழுவின் ஒத்திகைப் பதிவைத் திருப்பி ஓட்டி உருமாற்றிய ஒலியையும் வைத்து உருவானது அது. மானுவல் கோட்ஷிங் 1981 டிசம்பரில் பெர்லின் வீட்டு ஸ்டுடியோவில் ஒரே மூச்சில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வாசித்துப் பதிந்த ‘இ2-இ4’, பயணத்தில் தாம் கேட்பதற்கென்று செய்துகொண்ட டேப். அதில் திருத்த ஏதேனும் உண்டா என்று யோசித்துப் பார்த்தவர், 1984-இல் இருந்தபடியே வெளியிட்டார். மேம்படுத்த வேண்டிய முன்வரைவு என்ற எண்ணமே இந்த மூன்றிலும் பொருளற்றுப் போகிறது.

இங்கிலாந்தில் இதே போக்கு கேசட்டின் வழியே பரவியது. ஹாக்விண்ட் குழு ‘ஹாக்விண்ட் ஜூ’ என்ற பெயரில் 1969-இல் பதிந்த டெமோக்கள் பின்னாளில் தனியே வெளியாகி, முதல் ஆல்பத்தின் மறுபதிப்புகளிலும் சேர்ந்தன. 1980களில் இலவசத் திருவிழாக்களில் வாசித்துவந்த ஓஸ்ரிக் டென்டகிள்ஸ், ‘எர்ப்சாங்ஸ்’ தொடங்கி ஆறு கேசட்டுகளைத் தாங்களே தயாரித்து ரசிகர்களிடம் விற்றார்கள். எந்த நிறுவனமும் பின்னால் இல்லை. அந்தக் கேசட்டுகள் 1990களில் குறுந்தகடுகளாக மறுபதிப்புப் பெற்றன என்பதே அவற்றுக்கு இருந்த தேவைக்குச் சான்று. ஸ்டீவன் வில்சன் 1987 வாக்கில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து, 1970களைச் சேர்ந்ததாகக் கற்பனையான ஒரு குழுவையும் அதற்கொரு பொய் வரலாற்றையும் விளையாட்டாகப் புனைந்து, வீட்டில் தனியாகவே இசையமைத்துப் பதிந்தார். ‘டார்க்வின்ஸ் சீவீட் ஃபார்ம்’ (1989) போன்ற அந்தக் கேசட்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்தவையே 1992-இல் ‘ஆன் தி சண்டே ஆஃப் லைஃப்’ ஆல்பமாயின. போர்க்குபைன் ட்ரீ என்ற குழு உண்மையாகவே உருவானது அதற்குப் பிறகு, 1993 இறுதியில்தான். இங்கே டெமோ முதலில் வருகிறது. அதற்கேற்ற குழு பின்னால் வருகிறது.

அதே குழுவின் ‘சிக்னிஃபை’ (1996) ஆல்பத்தையும் ‘இன்சிக்னிஃபிகன்ஸ்’ என்ற டெமோத் தொகுப்பையும் ஒப்பிடுவது, இந்தக் கேள்வியை ஆராய இருக்கும் நல்ல வழிகளில் ஒன்று. ‘சிக்னிஃபை’யில் ரிச்சர்ட் பார்பியெரி, காலின் எட்வின், கிறிஸ் மெய்ட்லாண்ட் ஆகியோர் தொடக்கத்திலிருந்தே பங்குகொண்டார்கள், ஒருவர் கனவு நால்வரின் இசையான இடம் அது. அதற்காக வில்சன் வீட்டில் செய்த டெமோக்கள் 1997-இல் கேசட்டாக வந்து, பிறகு ஆல்பத்தின் மறுபதிப்பில் இரண்டாம் தட்டாகச் சேர்ந்தன. ஜெர்மனியின் நொய் குழு 1972-இல் வெளியிட்ட ‘ஹல்லோகல்லோ’வை வாசித்துப் பார்த்ததும் அதில் இருக்கிறது. அதைக் கேட்ட கையோடு ‘சிக்னிஃபை’ பாட்டைக் கேட்டால், ஒரே சீராக ஓடும் தாளம் ஜெர்மன் நெடுஞ்சாலையிலிருந்து ஆங்கில ராக்குக்குள் எப்படி நுழைந்தது என்பது விளங்கும். ஆல்பத்தில் மெய்ட்லாண்டின் டிரம் அந்தத் தாளத்துக்கு உடலையும் ஆவேசத்தையும் தருகிறது. டெமோவில் இயந்திரத் தாளம் அசையாமல் ஓடுகிறது. உணர்ச்சி காட்டாத அந்தச் சீர்மையே மயக்கத்தை உண்டாக்குகிறது. ‘டார்க் ஒரிஜின்ஸ்’, ‘செவர் டுமாரோ’ என்று ஆல்பப் பாட்டுகளின் முன்வடிவங்கள் பெயரளவிலும் சற்றே விலகி நிற்கின்றன. எது சிறந்தது என்று தீர்ப்பு எழுதினால் ஆல்பத்துக்கே கூடுதல் வாக்கு விழும். எதில் அதிகத் தனிமை என்று கேட்டால் டெமோதான். விண்வெளி என்ற கருப்பொருள் தனிமையைப் பற்றியதாக இருக்கும்போதெல்லாம் இந்த வேறுபாடு முக்கியமாகிறது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, இந்த இசையின் ஆகச் சிறந்த படைப்புகள் டெமோவைக் கைவிட்டதால்தான் பிறந்தன என்பது. மறுக்க முடியாத சான்றும் இருக்கிறது. ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973-இல் வெளியாவதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே மேடையில் வாசிக்கப்பட்டது. அப்போது ‘ஆன் தி ரன்’ இருந்த இடத்தில் ‘டிராவல் சீக்வென்ஸ்’ என்ற கிடார் வாசிப்பு இருந்தது. கேட்க இனிமையாக இருந்தாலும் எந்தக் குழுவும் வாசிக்கக்கூடியது. சின்தி ஏகேஎஸ் என்ற சிறு சின்தசைசர் வந்தபின், எட்டுச் சுரங்களை வேகமாகச் சுழலவிட்டு, அச்சத்தை ஒலியாக்கினார்கள். ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ முதலில் விவிலிய வாசகங்கள் ஒலிக்கும் ஆர்கன் பகுதியாக இருந்தது. 1973 ஜனவரியில் கிளேர் டோரி சொல்லில்லாமல் குரலெடுத்துப் பாடியதும்தான் அது அதுவாயிற்று. பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர் 1978-இல் சொற்களின்றி முனகிப் பதிந்து வைத்த மெட்டு, ‘தி வால்’ ஆல்பத்தின் பெட்டித் தொகுப்பில் இப்போது கேட்கக் கிடைக்கிறது. வாட்டர்ஸின் வரிகளும் மைக்கேல் கேமனின் இசைக்குழு அமைப்பும் சேராமல் அது ‘கம்ஃபர்டப்லி நம்’ ஆகியிருக்காது. இந்த மறுப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது மேலே சொன்ன வாதத்தைக் குலைக்காமல் அதற்கு எல்லை வகுக்கிறது. கட்டடம்போல் பகுதி பகுதியாக எழுப்பப்பட்ட இசையில், முரண்களும் உச்சங்களும் திட்டமிட்டு அமைந்த இசையில், டெமோ என்பது அஸ்திவாரக் குழி. ஒரு கருவியும் ஓர் அறையும் ஒரு தற்செயலும் சேர்ந்து எழுப்பிய சூழ்நிலையில், டெமோவே இடம். ‘எக்கோஸ்’ படைப்பில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் சுரத்தை டெமோவிலிருந்து எடுத்தார்கள், மற்றதையெல்லாம் புதிதாகக் கட்டினார்கள்.

இரண்டாவது மறுப்பு உளவியல் சார்ந்தது. முழுமையான படைப்பை ஏற்கெனவே மனதில் வைத்துக்கொண்டு கேட்பதால்தான் டெமோ நமக்கு நிறைவாகப் படுகிறது, இல்லாத ஒலியை நினைவு நிரப்பிவிடுகிறது என்பது அதன் சாரம். பெட்டித் தொகுப்புகளில் உள்ள பலவற்றுக்கு இது உண்மை. ‘அஸ் அண்ட் தெம்’ பாட்டின் மூலமான ரைட்டின் பியானோத் துண்டு, அன்டோனியோனியின் ‘ஸப்ரிஸ்கி பாயின்ட்’ படத்துக்காக எழுதப்பட்டு இயக்குநரால் நிராகரிக்கப்பட்டது. பின்னால் வந்த பாட்டு தெரியாத ஒருவருக்கு அந்தத் துண்டு இன்று என்ன பொருள்படும் என்று கேட்பது நியாயமே. இருந்தாலும் இந்த விளக்கம் எல்லாவற்றையும் தழுவிவிடாது. ‘எலெக்ட்ரானிக் மெடிடேஷ’னுக்கும் ‘இ2-இ4’க்கும் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்ள முழுவடிவம் ஏதுமில்லை. ஓஸ்ரிக் கேசட்டுகளை வாங்கியவர்களில் பலருக்கு அவையே அந்தக் குழுவோடு முதல் அறிமுகம். ஒப்பிடுவதற்கு எதுவுமில்லாத நிலையிலும் இந்த டேப்புகள் கேட்பவரைப் பிடித்துக்கொண்டன என்றால், அவற்றின் ஈர்ப்பு நினைவின் கடன் ஆகாது.

மூன்றாவது மறுப்பு வணிகத்தைப் பற்றியது. குறுந்தகடு விற்பனை சரிந்த பிறகு, ஏற்கெனவே வாங்கிய ஆல்பத்தையே மறுபடி விற்க நிறுவனங்கள் கண்ட வழிகளில் டெமோக்கள் நிறைந்த விலையுயர்ந்த பெட்டியும் ஒன்று. அந்தத் தேவையைச் சந்தையே உருவாக்கியது என்கிறார்கள். பெட்டிகளில் இடம் நிரப்புவதற்கென்றே சேர்க்கப்பட்ட பதிவுகள் இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் கேசட் காலத்துப் பரிமாற்றம் பெட்டித் தொகுப்புகளுக்கு முந்தையது; லாபம் கருதாமல் கைக்குக் கை நகலெடுத்தவர்கள் அந்த ரசிகர்கள். இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி கனமானது: முடிக்கப்படாததை வெளியிடுவது கலைஞரின் விருப்பத்துக்கு மாறானதாகாதா? வில்சனே இதில் இருபக்கமும் நிற்கிறார். டெமோத் தொகுப்பை வெளியிட்ட அவர்தான், 1993-இன் ‘அப் தி டவுன்ஸ்டேர்’ ஆல்பத்தில் இருந்த இயந்திரத் தாளத்தை நீக்கி, கேவின் ஹாரிசனை வாசிக்கச் செய்து 2005-இல் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். வாசிப்பின் தரத்தில் திருத்திய பதிப்பு மேல். ஆனால் மூலத்தில் இருந்த உணர்ச்சியற்ற ஓட்டம் அந்த இசையின் மயக்கத்துக்குத் துணைபோனது என்று சொல்பவர்களின் வாதத்தையும் தள்ள முடியாது. தாம் எதை நோக்கிப் போனோம் என்பது கலைஞருக்குத் தெரியும். வழியில் எதை விட்டுவந்தோம் என்பதைச் சில வேளைகளில் கேட்பவரே சொல்ல முடியும்.

அப்படி விட்டுவந்தவை எப்போதும் வீணாவதில்லை என்பதற்கும் சான்றுண்டு. 1973-இல் பிங்க் ஃப்ளாய்ட் இசைக்கருவிகளைத் தவிர்த்து, ரப்பர் வளையங்கள், மதுக்கோப்பைகள் போன்ற வீட்டுப் பொருள்களைக் கொண்டே ஓர் ஆல்பம் செய்யப் புறப்பட்டு, பாதியில் கைவிட்டது. ஈர விரலால் கோப்பை விளிம்பைத் தேய்த்து எழுப்பிய ஒலி மட்டும் தப்பி, 1975-இல் ‘ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்’ படைப்பின் தொடக்க மூட்டத்துக்குள் சென்று சேர்ந்தது. திட்டம் தோற்றது, சூழ்நிலை பிழைத்தது. ‘எக்கோஸ்’ சுரத்துக்கு நேர்ந்ததும் இதுவே. இந்த இசையில் மெட்டையும் வரியையும் மாற்றலாம், நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சரியாக அமைந்துவிட்ட ஓர் ஒலியை மறுபடி உண்டாக்குவதுதான் கடினம். டெமோக்களைச் சேமித்து வைப்பதற்கும் வெளியிடுவதற்கும் இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

இன்றைய கணினிப் பதிவில் நிலைமை மாறிவிட்டது. வீட்டு அறையில் பதிந்த டிராக் அப்படியே இறுதி மிக்ஸுக்குள் போய்விடுகிறது. டிராக் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, நகலெடுத்தால் இரைச்சல் ஏறுவதில்லை. பிறந்த ஒலியை இழக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது பெரிய லாபம். கூடவே, டெமோவுக்கும் ஆல்பத்துக்கும் இடையே காதுக்குத் தெரியும் தூரமும் குறைந்துவிட்டது; அண்மைக்காலத்து டெமோத் தட்டுகள் பலவும் வேறொரு மிக்ஸைக் கேட்பதுபோலவே இருக்கின்றன. ஆகவே இனி வரும் பெட்டித் தொகுப்புகளை எடைபோட ஒரே கேள்வி போதும்: இந்தப் பதிவு பாட்டின் திட்டத்தை மட்டும் காட்டுகிறதா, இறுதிப் பதிவில் இல்லாத ஒலிவெளி ஒன்றைத் திறக்கிறதா? திட்டத்தை மட்டும் காட்டுபவை ஆய்வாளர்களுக்கு உரியவை. ஒருமுறை கேட்டால் அவற்றின் வேலை முடிந்தது. ஒலிவெளியைத் திறப்பவற்றை ஆல்பத்தின் பிற்சேர்க்கையாக எண்ணாமல், அதே இசைக்கலைஞர்களின் இன்னொரு படைப்பாகவே வரிசையில் வைக்க வேண்டும். எண்ணிக்கையில் அவை சொற்பம். ரசிகர்கள் டெமோக்களைத் தோண்டிக்கொண்டே இருப்பது அந்தச் சொற்பத்துக்காகத்தான்.